பார்க் ஸ்ட்ரீட்டில் மெக்கன்சி துரை

மழைக்காலம் பிறந்தால் கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சமாதி ரத்தம் கசியும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். டென்னிசன் என்ற குடும்பத்தின் சமாதி அது. மழை நாட்களில் அதன் சுவரில் செந்நிறமாக ஏதோ வழிகிறது, வெயில் அடித்ததும் நின்றுவிடுகிறது என்பது கதை. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். படம் பிடிக்கப் போன பையன்கள் சிலர் உள்ளேயே மூச்சுத் திணறி விழுந்தார்களாம். படத்தைக் கழுவிப் பார்த்தால் வெள்ளையாக ஓர் உருவம் நின்றதாம். கொல்கத்தாவில் பேய் உலவும் இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தத் தோட்டம் முதல் வரிசையில் வந்துவிடும்.

நான் சர்வே ஆஃப் இந்தியாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொல்கத்தாவில் எங்கள் துறையின் அலுவலகம் உட் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. அங்கிருந்து அந்தத் தோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம். தெற்கேயிருந்து மாற்றலாகி வரும் பையன்களுக்கு, எங்கள் செக்‌ஷனில் இருந்த மூத்த வங்காளி டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் வந்த வாரத்திலேயே இந்த ரத்தக் கதையைச் சொல்லிவிடுவார். சொல்லி முடித்துவிட்டு, குரலை மாற்றி இன்னொரு தகவலையும் தருவார். நம் துறைக்கு இந்தியா முழுவதற்குமான முதல் தலைவராக இருந்தவர் அங்கேதான் படுத்திருக்கிறார், உங்கள் மெட்ராஸிலிருந்து வந்தவர், போய்ப் பார்த்துவிட்டு வா என்பார். பேயைப் பார்க்கப் போனவர்கள் பலர். நான் அந்த இரண்டாவது தகவலுக்காகப் போனேன். பிறகு கொல்கத்தா போகும்போதெல்லாம் போய்க்கொண்டிருக்கிறேன்.

துறைக்கும் அந்தத் தோட்டத்துக்கும் வயது ஒன்றுதான். 1767 ஜனவரியில் ஜேம்ஸ் ரென்னல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். எங்கள் துறை தன் பிறந்த வருஷமாகக் கணக்கு வைத்திருப்பது அதைத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தத் தோட்டம் திறக்கப்பட்டது. பழைய இடம் நிரம்பிவிட்டதால் ஊருக்கு வெளியே, அன்றைக்குச் சதுப்பும் காடுமாகக் கிடந்த பக்கம் புது இடம் பார்த்தார்கள். அந்த வழிக்கு அப்போதைய பெயரே பரியல் கிரவுண்ட் ரோடு. பிணம் போகிற பாதை. நீதிபதி எலிஜா இம்பே அந்தப் பக்கம் மான்கள் வளர்த்த தோட்டம் ஒன்று வைத்திருந்ததால், பின்னால் அது பார்க் ஸ்ட்ரீட் ஆனது. இன்றைக்கு மதர் தெரசா சரணி என்று பலகை இருக்கிறது. ஊர் வாயில் இன்னும் பார்க் ஸ்ட்ரீட்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சாவுக்குப் பஞ்சமில்லாமல் வாழ்ந்தார்கள். கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரனுக்கு ஆயுள் இரண்டு மழைக்காலம் என்பது அவர்களுக்குள்ளேயே வழங்கிய சொல். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு. மழைக்காலம் முடிந்தால் உயிரோடு மிச்சமிருந்தவர்கள் கூடி ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வார்கள். கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தால் இருபது, இருபத்திரண்டு, இருபத்தாறு என்று வயது வந்துகொண்டே இருக்கும். பிரசவத்தில் போன பெண்கள், அவர்களைப் பின்தொடர்ந்து போன சிசுக்கள். எந்த நாட்டுக்காரர்களாக இருந்தால் என்ன, அந்த வரிகளைப் படிக்கும்போது மனசு கனத்துப்போகிறது.

அந்தச் சாவுகளுக்குத்தான் அவ்வளவு பெரிய கட்டடங்கள். உள்ளே நுழைந்ததும் கல்லறைத் தோட்டம் என்றே தோன்றாது. கைவிட்டுப்போன சிறிய நகரம் என்று தோன்றும். கூர்ங்கோபுரங்கள், பிரமிடுகள், தூண் வைத்த மண்டபங்கள், கவிகை மாடங்கள். மரங்கள் மேலே கூடி வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. மிக உயரமானது சர் வில்லியம் ஜோன்ஸுடையது. 1783-ல் நீதிபதியாக வந்து, அடுத்த ஆண்டே ஆசியக் கழகத்தை நிறுவி, சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க லத்தீனுக்கும் உறவு உண்டு என்று சொல்லி, 1794-ல் நாற்பத்தேழு வயதில் இறந்தவர். ரோஸ் ஏல்மர் என்ற இருபது வயதுப் பெண்ணின் சமாதி முறுக்கு முறுக்காக மேலே போகும் கூம்பு. அவளுக்காகக் கவிஞர் லேண்டர் எழுதிய கவிதையால் அவள் பெயர் ஆங்கில இலக்கியத்தில் நின்றுவிட்டது.

எனக்கு அங்கே மிகவும் பிடித்த கட்டடம் 'ஹிந்து ஸ்டூவர்ட்' என்று பெயர் வாங்கிய மேஜர் ஜெனரல் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் சமாதி. அயர்லாந்துக்காரர். தினமும் காலையில் கங்கையில் முழுகிக் குளித்துவிட்டுத் திரும்பியவர். வீட்டில் விக்கிரகங்கள் வைத்துப் பூசை செய்தவர். கிறித்தவப் பாதிரிமார்கள் இந்துக்களை இழிவாகப் பேசியபோது மறுத்துப் புத்தகம் எழுதியவர். 1828-ல் இறந்தபோது கிறித்தவ முறைப்படிதான் புதைத்தார்கள், ஆனால் விக்கிரகங்களையும் கூடவே வைத்தார்கள். சமாதியே ஒரு சின்னக் கோயில். வாசலில் தெய்வச் சிற்பங்கள் செதுக்கிய நிலை. நம் ஊர் ஆள் ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போய் அதற்கு முன்னால் நிறுத்தினால், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நகருவார்.

ரத்தம் கசிவதைப் பற்றி ஒரு வார்த்தை. வங்காளம் வண்டல் பூமி, கட்டடம் கட்டக் கல் கிடையாது. இந்தச் சமாதிகளெல்லாம் உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. இருநூறு வருஷ மழையில் பூச்சு வெடித்து, செங்கல் தண்ணீர் குடித்து, மேலே பாசியும் பிடித்து நிற்கிறது. அடைமழையில் அங்கிருந்து சிவப்பாக நீர் இறங்குவதற்குப் பிசாசு வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் கதையை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பேய்க்கதை இருப்பதால்தான் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். சத்யஜித் ராய் 1977-ல் ஃபெலுடா துப்பறியும் கதை ஒன்றை இந்தத் தோட்டத்தை வைத்து எழுதினார். அதைப் படித்த வங்காளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வந்து பார்க்கிறார்கள். எதிர்ச் சாரியில் நார்த் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. நாவலாசிரியர் தாக்கரேயின் தகப்பனார் அங்கேதான் புதைக்கப்பட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு அதை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பெரிய கட்டடங்கள். கதையுள்ள தோட்டம் தப்பித்தது, அது தப்பவில்லை.

சர்வே வேலையில் இருப்பவனுக்கு இது புதிதல்ல. வரைபடம் என்றால் கோடும் எண்ணும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பிளேன் டேபிளைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போகிற ஆளுக்குத் தெரியும், பாதி வேலை வாய் வேலை. இந்தக் குன்றுக்கு என்ன பெயர், இந்த ஓடைக்கு என்ன பெயர், அந்த மேட்டில் ஏன் உழவில்லை என்று கேட்டுக் கேட்டுத்தான் டோப்போஷீட்டில் பெயர் ஏறுகிறது. கேட்டால் பதிலாகக் கதைதான் வரும். மோகினி நின்ற மரம், முனி இறங்குகிற பள்ளம், உச்சிவேளையில் போகக் கூடாத காடு. ஆட்கள் எதற்கோ பயப்படுகிற இடத்தில் பழைய காலத்தில் ஏதோ நடந்திருக்கிறது. கட்டாயம் நின்று கேட்க வேண்டும்.

இதை எங்கள் துறையில் முறையாகச் செய்த முதல் ஆள் காலின் மெக்கன்சி. அந்தத் தோட்டத்தில் நான் தேடிப் போனவர்.

1754-ல் ஸ்காட்லாந்தின் மேற்கே, லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே துறைமுக ஊரில் பிறந்தவர். அங்கே சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஜோன்ஸ் கல்கத்தாவுக்கு வந்த அதே 1783-ல் இவர் மெட்ராஸில் வந்து இறங்கினார், கம்பெனிப் பட்டாளத்தில் கீழ்நிலை அதிகாரியாக. அதன் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. வந்த புதிதில் மதுரைக்குப் போனார். அங்கிருந்த ஹெஸ்டர் ஜான்ஸ்டன் அம்மையார், லாகரிதம் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வம்சத்தில் வந்தவர். தன் முன்னோரைப் பற்றிய நூலுக்காக இந்தியரின் பழைய கணிதத்தைத் தெரிந்துகொள்ள விரும்பிய குடும்பம் அது. அவர் மெக்கன்சிக்கு மதுரைப் பண்டிதர்களை அறிமுகப்படுத்தினார். இந்த நாட்டுப் பழமையைத் திரட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே விழுந்தது என்று, அம்மையாரின் மகன் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் 1832-ல் லண்டனில் பாராளுமன்றக் குழுவுக்கு முன் சாட்சியம் சொல்லியிருக்கிறார். விதை விழுந்தது நம் மதுரையில்.

1799-ல் திப்பு விழுந்த பிறகு மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சிக்கு வந்தது. ஏறத்தாழ 40,000 சதுர மைல். அளவையாளர்கள் சங்கிலியோடு போன ஊர்களுக்கெல்லாம் அவர் இன்னொரு கூட்டத்தையும் அனுப்பினார். அவர்கள் வேலை கேட்பது, பார்ப்பது, எழுதுவது. கோயில் கல்வெட்டைப் படியெடுப்பது, செப்பேட்டை வாங்கிப் பார்ப்பது, கணக்குப்பிள்ளையின் ஏட்டைப் புரட்டுவது, கிழவர்களை உட்காரவைத்து ஊர்க்கதை கேட்பது. வரி போட வந்திருக்கிறார்கள், மானியத்தைப் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் பயந்து ஏட்டை ஒளித்ததும் உண்டு. அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. அளப்பவர் பின்னால் கலெக்டர் வருவார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பெனியின் கைக்கு நாட்டைக் கொண்டுவந்து சேர்த்த வேலைகளில் மெக்கன்சியின் வேலையும் ஒன்று. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் ஆட்கள் எழுதியதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஊரார் சொன்னதைச் சொன்னபடி எழுதினார்கள்.

மெக்கன்சிக்கு நம் மொழிகள் தெரியாது. அத்தனையும் அவருடைய உதவியாளர்களின் கை. ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா அவர்களில் தலையாயவர். அவர் 1803-ல் இளம் வயதிலேயே இறந்தார். அவர் தம்பி லட்சுமய்யா பொறுப்பேற்றார். தருமய்யா என்ற சமணப் பண்டிதர் இருந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் பாபு ராவ், நிட்டல நாயனா, அப்பாவு போன்றவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். 1816-ல் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட மெக்கன்சியைச் சுற்றி இந்திய உதவியாளர்கள் மூவர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் ஏட்டுச்சுவடி. ஒரு துரை தன்னைத் தனியாக வரையச் சொல்லாமல் அவர்களையும் சேர்த்து வரையச் சொன்னதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

1815-ல் இந்தியா முழுவதற்கும் முதல் சர்வேயர் ஜெனரலானார். 1817-ல் தன் மூட்டைகளோடும் ஆட்களோடும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி அட்டவணை போட வேண்டும் என்பது அவர் ஆசை. 1821 மே 8-ஆம் தேதி இறந்தார். அட்டவணை நடக்கவில்லை. கம்பெனி அவருடைய சேகரத்தை அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. எச். எச். வில்சன் 1828-ல் அச்சிட்ட பட்டியலில் இலக்கிய நூல்கள் 1,568, கல்வெட்டுப் படிகள் 8,076, ஓவியங்கள் 2,630, நாணயங்கள் 6,218 என்று கணக்கு இருக்கிறது.

இதில் நமக்கு என்ன கிடைத்தது என்று கேட்கலாம். பாளையக்காரர் குடும்பங்களின் வரலாறு, 'பாளையப்பட்டுகளின் வம்சாவளி' என்ற பெயரில் அச்சானது இங்கிருந்துதான். எங்கள் கொங்கு நாட்டுக்கு 'கொங்கு தேச ராஜாக்கள்' இங்கிருந்துதான். சென்னைக்குப் பக்கத்தில் புழலில் குறும்பர்கள் கோட்டை கட்டி ஆண்டதையும், ஆதொண்டைச் சக்கரவர்த்தி வந்து அவர்களை வென்றதையும் ஊரார் சொன்ன கதையாகப் பதிந்து வைத்திருப்பதும் இந்தச் சேகரம்தான்.

பாண்டுகுழிகளைப் பற்றியும் ஒரு குறிப்பு அதில் உண்டு. அதைப் பற்றித் தெரிந்துகொண்ட நாளில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் நொய்யல் கரையில் பிறந்தவன். எங்கள் பக்கத்துக் காடுகளில் வட்டம் வட்டமாகப் பெரிய கற்கள் கிடக்கும். சிறுவனாக ஆடு ஓட்டிப் போகும்போது என் அப்பிச்சி எச்சரிப்பார்: "உச்சிவேளைல அந்தக் கல்லுக்கிட்டப் போகாதே கண்ணு. பாண்டவங்க காலத்து ஆளுக உள்ள குத்த வெச்சிருக்காங்க." நாங்கள் அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவோம். 1985 முதல் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது அவை இரும்புக் கால மனிதர்களின் ஈமக்குழிகள் என்று தெரிந்தது. சூதுபவள மணிகளும், தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகளும் அந்த ஊர் மண்ணிலிருந்து வெளியே வந்தன. ஈராயிரம் வருஷத்துக் கல்லறைத் தோட்டம் அது. அதைக் காப்பாற்றி வைத்தது என் அப்பிச்சி சொன்ன பேய்க்கதை. மெக்கன்சியின் ஆட்கள் அப்படிப்பட்ட குழிகளைத் தமிழ்நாட்டில் பார்த்து, தோண்டினால் எலும்பும் பானையும் வருகிறது என்பதோடு, இவை பாண்டவர் காலத்தவை என்று மக்கள் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். எலும்பும் வேண்டும், சொல்லும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்கத்தாவில் காகிதத்துக்காக அலைகிற பேய் ஒன்று உண்டு. அலிப்பூரில் இருக்கும் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸில் வாரன் ஹேஸ்டிங்ஸ் குதிரை வண்டியில் வந்து இறங்கி அறை அறையாக எதையோ தேடுவார் என்பார்கள். கதைக்கு அடியில் உண்மை இருக்கிறது. 1785-ல் அவர் ஊர் திரும்பியபோது சொந்தக் காகிதங்கள் வைத்த கறுப்பு மர மேசைப்பெட்டி ஒன்று காணாமல் போனது. 1787-ல் 'கல்கத்தா கெஜட்'டில் அதற்காக விளம்பரமே வந்தது. தன் காகிதத்தைத் தொலைத்த கவர்னர் ஜெனரலுக்கு ஊர் ஒரு பேய்க்கதை கொடுத்திருக்கிறது. தென்னிந்தியாவின் காகிதத்தையெல்லாம் தொலையாமல் காத்த மனிதருக்கு ஒரு கதையும் இல்லை. தோட்டத்துக் காவலாளியிடம் ரத்தம் கசிகிற சமாதி எது என்று கேட்டால் உடனே கை நீட்டுகிறார். ஜோன்ஸ் என்றாலும் நீட்டுகிறார். கர்னல் மெக்கன்சி என்றேன். எந்த சாகிப் என்று திருப்பிக் கேட்டார். பதிவேட்டைப் பார்த்துத்தான் வழி சொன்னார்.

அதைவிட என்னை வருத்துவது லட்சுமய்யாவின் கதி. துரை போன பிறகும் சேகரிக்கும் வேலையைத் தொடர அனுமதியும் உதவியும் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பல வருஷம் அந்த வேலையை நடத்தியவர் அவர்தான். விண்ணப்பம் 1830-களில் ஆசியக் கழகத்தின் முன் போனது. அப்போது செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப். ஆராய்ந்து முடிவு காணும் திறமை ஓர் இந்தியருக்கு இருக்காது என்ற தோரணையில் கையை விரித்துவிட்டார்கள். அசோகரின் எழுத்தைப் படித்த பிரின்செப்பின் அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன். இந்த ஒரு முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிரின்செப்புக்கு ஹூக்ளி ஆற்றங்கரையில் தூண் வைத்த மண்டபம் இருக்கிறது. லட்சுமய்யாவுக்குக் கல்கத்தாவில் ஒரு கல் இல்லை. ஆசியக் கழகம் பார்க் ஸ்ட்ரீட்டின் மேற்கு முனை. கல்லறைத் தோட்டம் அதே தெருவில் கிழக்கே. அந்தத் தெருவில் நடந்து போகும்போதெல்லாம் எனக்கு லட்சுமய்யாவின் நினைவு வரும்.

கொல்கத்தாவுக்குப் போகும் தமிழர்கள் காளிகாட், பேலூர் மடம், விக்டோரியா மண்டபம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலை நேரத்தை இந்தத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். ரத்தம் கசியும் சமாதியையும் பாருங்கள், பிள்ளைகளுக்குக் கதையையும் சொல்லுங்கள். பிறகு காவலாளியிடம் கர்னல் மெக்கன்சி எங்கே என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் தானாகவே கை நீட்டுவார். சமாதிக்கு முன்னால் நிற்கும்போது போரய்யா, லட்சுமய்யா, தருமய்யா, பாபு ராவ், நிட்டல நாயனா, அப்பாவு என்ற பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கொல்கத்தா போக முடியாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மெக்கன்சியின் தமிழ்ச் சுவடிகள் சென்னை கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்கும் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றின் சுருக்கங்களைத் டி. வி. மகாலிங்கம் தொகுக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1972-ல் வெளியிட்டது. அந்தத் தொகுதியில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.